கிரீடத்துக்கு மேல் கொஞ்சம் இடம்

மத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம் பாரதம் வைப்பதென்று முடிவு செய்தால், கூத்துக்காரர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்த கையோடு மைக்செட்டுக்கும் முன்பணம் போய்விடும். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் ஒரு டெம்போவில் குழாய்கள், வயர்ச் சுருள், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் வந்து இறங்கும். ஒரு பையன் புளியமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவான். கீழே நிற்பவர், "இன்னும் கொஞ்சம் ரோட்டுப் பக்கம் திருப்புடா" என்பார். திரௌபதி அம்மன் கோயில் வாசலில் ஒன்று, ஊர்க்கோடியில் ஒன்று, கிருஷ்ணகிரிக்கும் ஊத்தங்கரைக்கும் போகிற பேருந்துகள் நிற்கும் முனையில் ஒன்று. கடைசியாக ஒரு தொண்டைக் கனைப்பு. "ஹலோ... செக்... செக்... மைக் டெஸ்டிங்." அடுத்து எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு கிளம்பியதும் ஊர் திருவிழாவுக்குள் நுழைந்துவிடும்.

பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனனின் தொடையைப் பீமன் பிளக்க, திரௌபதி கூந்தல் முடிக்கும் படுகளம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 18 நாள் கணக்கில் நடக்கும் இந்த விழாவைக் கேட்டு வளர்ந்தவர்களின் காதில் பாரதக்கதை ஒரு குறிப்பிட்ட குரலில் தங்கியிருக்கிறது. கொஞ்சம் மூக்கடைத்த குரல். தகரம் கலந்த, அடிக்கனம் இல்லாத குரல். கதை சொன்னவரை மேடைக்குப் பக்கத்தில் போய்க் கேட்டால் அவர் குரல் அப்படி இருக்காது. ஊர் கேட்டதெல்லாம் குழாயின் குரல்.

இந்த வேறுபாட்டில்தான் எல்லாம் தொடங்குகிறது. குரலைத் தூரத்துக்கு அனுப்புவது ஒரு வித்தை, குரலை வைத்துக்கொள்வது வேறொரு வித்தை. முதலாவதை இந்தப் பகுதி பல தலைமுறையாகக் கற்றுத் தேர்ந்திருக்கிறது. இரண்டாவதை இப்போதுதான் தொடத் தொடங்கியிருக்கிறது. கூத்துக்களத்தைச் சுற்றி இன்று நூறு கைகள் ஃபோனைத் தூக்கிப் பிடிக்கின்றன. அந்தப் படங்களை மறுநாள் போட்டுப் பார்த்தால் கர்ணனின் முகப்பூச்சு வரைக்கும் துல்லியமாகத் தெரியும். பாட்டோ கிழிந்த துணிபோல இருக்கும். முகவீணை என்ற ஊதுகருவி இருந்த இடத்தில் ஒரு இரைச்சல் மட்டும் இருக்கும். கருவி மோசம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கெயின், ஹெட்ரூம், கிளிப்பிங், சாம்பிள் ரேட் என்று ஒலிப்பதிவுக்காரர்கள் புழங்கும் சில சொற்களின் பொருள் களத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அவற்றில் ஒன்றுகூட இந்த ஊருக்குப் புரியாத விஷயம் இல்லை.

முதலில் குழாய். சட்டம் அதைக் கூம்பு வடிவ ஒலிபெருக்கி என்று அழைக்கிறது. மைக்செட்காரருக்கு அது இரண்டு பொருள்: குழாய் வேறு, அதன் அடியில் திருகும் யூனிட் வேறு. யூனிட்டுக்குள் ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய மெல்லிய தகடு. தகடு சின்னது, எதிரில் இருக்கும் காற்றோ ஊர் முழுக்கப் பரந்தது. தொண்டை குறுகி வாய் விரிந்த ஒரு குழாய் நடுவில் வந்தால், தகட்டின் அசைவு படிப்படியாகக் காற்றுக்குக் கைமாறும். நாகஸ்வரத்தின் நுனியில் இருக்கும் அணசு செய்வது இதைத்தான். மாட்டைக் கூப்பிட இரண்டு கைகளையும் வாயோரம் குவிக்கிறவர் செய்வதும் இதைத்தான். அதனால்தான் வெறும் 30 வாட் யூனிட் ஒன்று, அடங்கிய இரவில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் மாந்தோப்பில் காவல் இருப்பவருக்கும் கதை சொல்கிறது.

ஆனால் குழாய் எதையெல்லாம் விட்டுவிடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒலி என்பது அதிர்வு. நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்குக்குப் பெயர் ஹெர்ட்ஸ். மனிதக் காது ஏறக்குறைய 20 முதல் 20,000 வரை கேட்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம் கொண்டது. புளியமரத்தில் கட்டும் குழாயின் வாயோ அரை மீட்டர் அளவுதான். அவ்வளவு நீளமான அலையை அதனால் பிடித்துத் தள்ள முடியாது. மிருதங்கத்தின் வலந்தலை வரும், தொப்பியின் கும்காரம் வராது. பேச்சின் மெய்யெழுத்துகள் கூர்மையாக வரும், நெஞ்சிலிருந்து எழும் கனம் வராது. சேதி சொல்ல இது போதும். சேதிக்காகத்தான் குழாய் பிறந்தது.

இப்போது குழாயோடு பாக்ஸும் வருகிறது. அடிக்கனத்துக்குப் பெரிய கூம்புக் காகிதம் உள்ள வூஃபர், மேல்நுனி ஒலிக்குச் சின்ன ட்வீட்டர். வருகிற ஒலியை இன்னது உனக்கு, இன்னது உனக்கு என்று பிரித்துக் கொடுப்பது கிராஸ்ஓவர். அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கும் வேலை. பாகம் சரியாக விழாத பெட்டியில், குரல் அந்த இரண்டுக்கும் நடுவே பள்ளத்தில் விழுந்து காணாமல் போகும்.

ஊர் முழுக்க வயர் இழுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் 4, 8, 16 ஓம் என்று எழுதிய முனைகளோடு 100 வோல்ட் என்றும் ஒரு முனை இருக்கும். 1940 முதல் இயங்கிவரும் டில்லி அஹூஜா நிறுவனத்தின் பெட்டிகளிலும் இதைப் பார்க்கலாம். ஓம் என்பது மின்சாரத்துக்கு எதிரே நிற்கும் தடையின் அளவு. பக்கத்தில் இருக்கும் பாக்ஸுக்கு ஓம் கணக்குப் பார்த்து நேரடியாகக் கொடுத்துவிடலாம். அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குழாய்க்கு அப்படிக் கொடுத்தால், மெல்லிய வயரே பாதிச் சக்தியைச் சூடாகத் தின்றுவிடும். அதனால் மின்வாரியம் செய்கிற காரியத்தை மைக்செட்காரரும் செய்கிறார்: அழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்கிக்கொள்கிறார். ஊர் முனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரின் கைக்குழந்தை அது.

அந்தத் தூரத்துக் குழாயிலிருந்து வரும் ஒலி தாமதமாகத்தான் வரும். வயரில் மின்சாரம் நொடிப்பொழுதில் போய்விடும். காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் நடக்கும். கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு, 170 மீட்டர் தள்ளி இருக்கும் குழாய் அரை நொடி கழித்து அதே சொல்லைத் திரும்பச் சொல்கிறது. அதற்கும் பின்னால் கருங்கல் குன்று ஒன்று மூன்றாவது முறை சொல்கிறது. தனித்தனியாகக் காதில் விழும் இந்த மறுமொழிதான் எக்கோ. எண்ணிப் பிரிக்க முடியாதபடி பல மறுமொழிகள் நெருக்கமாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, குரலுக்குப் பின்னால் ஒரு வால்போல நீள்வது ரிவெர்ப். கல்மண்டபத்துக்குள் நின்று கைதட்டினால் கேட்பது. மைக்செட்டுப் பேச்சில் இரண்டுக்கும் எக்கோ என்றே பெயர். ஆனால் பதிவு செய்கிறவர் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். எக்கோ சொல்லைக் குழப்பும். ரிவெர்ப் அளவோடு இருந்தால் இடத்தின் பரப்பைக் காதுக்குக் காட்டும்.

மைக்குக்குப் பாடப்புத்தகம் ஒலிவாங்கி என்று பெயர் சொல்கிறது. இலங்கைத் தமிழர்களிடம் அந்தச் சொல் இயல்பாகப் புழங்குகிறது. இங்கே மைக் மைக்காகவே நிலைத்துவிட்டது. ஒலிவாங்கி அழகான சொல், ஏனென்றால் அது மைக் செய்யும் வேலையைச் சொல்கிறது. மேடையில் பிடிக்கும் சாதாரண மைக்கைப் பிரித்தால் உள்ளே யூனிட்டில் இருந்த அதே மூன்றும் இருக்கும்: காந்தம், சுருள், தகடு. யூனிட்டில் மின்சாரம் தகட்டை அசைக்கிறது. மைக்கில் குரல் தகட்டை அசைத்து மின்சாரம் உண்டாக்குகிறது. பழைய இன்டர்காம் பெட்டிகளில் ஒரே ஸ்பீக்கர்தான் வாயாகவும் காதாகவும் இருந்தது. காந்தமும் சுருளும் உள்ள இந்த வகை மைக்குக்கு டைனமிக் மைக் என்று பெயர். கீழே விழுந்தாலும் தாங்கும். வாயருகே வந்தால்தான் கேட்கும். கண்டென்சர் என்ற இன்னொரு வகையை 1916ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இ.சி. வென்டே உருவாக்கினார். மின்னேற்றம் பெற்ற இரண்டு தகடுகளுக்கு நடுவே இடைவெளி மாறுவதை அது ஒலியாக அறிகிறது. நுட்பமான காது அது. தூரத்து மூச்சையும் கேட்கும். ஸ்டுடியோ கண்டென்சர் வேலை செய்ய மைக் வயர் வழியாகவே 48 வோல்ட் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் வருவதால் அதற்கு ஃபாண்டம் பவர், பேய் மின்சாரம் என்று பெயர். 1962ல் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் மின்னேற்றத்தைத் தகட்டுக்குள்ளேயே நிரந்தரமாகப் பூட்டும் வழியைக் கண்டார்கள். மைக் அதற்குப் பிறகுதான் கம்மலளவுக்குச் சிறுத்தது.

எல்லா மைக்குக்கும் ஒரே தொல்லை வல்லினம். தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றில் பட்டு எழுத்தாகப் பிறப்பதை விவரிக்கிறது. இதழ் இரண்டும் பொருந்திப் பகரம் பிறக்கும்போது வாயிலிருந்து வெளிப்படுவது ஒலி மட்டுமில்லை. ஒரு காற்றுக் குத்தும் வருகிறது. மைக்கின் தகட்டில் அது "டப்" என்று மோதும். பாஞ்சாலி, பாண்டவர், பீமன், படுகளம் என்று பாரதமே பகரத்தால் ஆனது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் தாடையோரம் சாய்த்துப் பிடித்தால் குத்து பக்கவாட்டில் போய்விடும். ஸ்டுடியோவில் அதற்கு ஒரு வலைத்துணி உண்டு, பாப் ஃபில்டர். களத்தில் சாய்த்த கோணமே போதும். "செக், செக்" என்று சோதிப்பதிலும் பொருள் இருக்கிறது: சகரத்தின் கூர்மையும் ககரத்தின் அடைப்பும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

மைக் கத்துவது எல்லாரும் அறிந்த துன்பம். மைக் கேட்டதைக் குழாய் சொல்கிறது, குழாய் சொன்னதை மைக் மறுபடி கேட்கிறது, கேட்டதைப் பெருக்கிக் குழாய் மீண்டும் சொல்கிறது. கண்மூடித் திறப்பதற்குள் இந்தச் சுற்று ஒரே சுருதியில் ஊளையாகிவிடும். டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சனின் பெயரால் இதை லார்சன் விளைவு என்றும் சொல்வார்கள். கத்தும்போது பேசுகிறவர் பயந்து மைக்கின் தலையைக் கையால் பொத்துவார். அதனால் கத்தல் கூடவே செய்யும். மேடை மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்ட் வகை, அதாவது முன்னால் நன்றாகவும் பின்னால் மிகக் குறைவாகவும் கேட்பவை. அந்தப் பாரபட்சம் வலைக்குப் பின்னால் இருக்கும் துளைகளால் வருகிறது. துளையைப் பொத்தினால் மைக் நாலாபக்கமும் கேட்கத் தொடங்கிவிடும். விரலைத் தலையிலிருந்து இறக்கி, மைக்கின் முதுகு குழாயைப் பார்க்கும்படி நின்றால் பாதிக் கத்தல் அடங்கும்.

இப்போது கெயினும் வால்யூமும். இரண்டும் திருகினால் சத்தம் கூடும் குமிழ்கள் என்பதால் ஒன்றென்றே பலரும் நினைக்கிறார்கள். மத்தூர் வட்டாரத்து மாந்தோட்டக்காரருக்கு இதைச் சொல்ல ஒரு கிணறு போதும். கெயின் என்பது மோட்டார் கிணற்றிலிருந்து எவ்வளவு இறைக்கிறது என்பது. வால்யூம் என்பது மடையில் எவ்வளவு திறந்துவிடுகிறோம் என்பது. அளவுக்கு மீறி இறைத்துச் சேறு கலந்துவிட்டால், மடையைப் பாதி அடைப்பதால் தண்ணீர் தெளியாது. குறைந்த சேறு வரும், அவ்வளவுதான். இறைக்காமல் விட்டு மடையை முழுக்கத் திறந்தாலும் பயனில்லை. வாய்க்காலில் கிடந்த சருகுதான் முதலில் வரும். அந்தச் சருகுதான் ஹிஸ், ஹம் எல்லாம். நாட்டின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால், எர்த் சரியில்லாத இடத்தில் அதே சுருதியிலும் அதன் இரட்டிப்பிலும் ஒரு முணுமுணுப்பு மைக் வயருக்குள் ஏறிக்கொள்ளும்.

இறைப்பு எல்லை மீறும் இடம் கிளிப்பிங். ஒலி அலையின் முகடு கருவியின் கூரையில் இடித்து மட்டமாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட முகடு காதுக்குக் கரகரப்பாகக் கேட்கிறது. கூத்துப் பதிவுகள் கிழிந்து கேட்பதற்கு முதல் காரணம் இதுவே. கூத்துக்களத்தில் இதைத் தவிர்க்கும் வழியை வேஷக்காரர்களே தினமும் செய்து காட்டுகிறார்கள். துரியோதனன் வேஷம் கட்டியவர் ஒப்பனை அறையிலிருந்து வெளியே வரும்போது தலையில் கிரீடம், தோளில் கட்டை. வாசல் தாழ்வானது. அவர் தன் தலைக்கு இடம் பார்ப்பதில்லை, கிரீடத்துக்கு இடம் பார்த்துக் குனிகிறார். ஒலிப்பதிவில் அந்த இடத்துக்குப் பெயர் ஹெட்ரூம். திரைக்குப் பின்னால் மெதுவாக விருத்தம் பாடும்போது அளவு சரியாக இருக்கிறதென்று கெயினை அப்படியே விட்டால், திரை விலகி அவர் உறுமும்போது கிரீடம் இடித்துவிடும். டிஜிட்டல் கருவியின் கூரைக்குப் பூஜ்யம் என்று பெயர். அளவெல்லாம் அதிலிருந்து கீழ்நோக்கிக் கழித்தலில் எண்ணப்படும். மிகப் பெரிய உறுமலும் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துக்கொண்டால் நிம்மதி. மெதுவாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். வெட்டுப்பட்ட முகட்டை ஒட்டவைப்பது அரிது.

டெசிபல் கணக்கு காதின் கணக்கு. சாதாரணக் கூட்டலாக எண்ணினால் ஏமாற்றிவிடும். 10 டெசிபல் கூடினால் சக்தி பத்து மடங்கு, காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. 100 வாட் ஆம்ப்ளிஃபயரை விற்று 200 வாட் வாங்கினால் கிடைப்பது 3 டெசிபல். உற்றுக் கேட்டால்தான் தெரியும். 1990களில் டேப் ரெக்கார்டர் பெட்டிகளில் ஒட்டியிருந்த பி.எம்.பி.ஓ. என்ற ஆயிரக்கணக்கான வாட்டுகள் ஒரு கணம்கூட நிலைத்து நிற்காத உச்சத்தின் கணக்கு. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்வது ஆர்.எம்.எஸ். அதைக் கேட்டு வாங்குகிறவரை யாரும் ஏய்க்க முடியாது.

இந்த டெசிபல் சட்டத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரையறுக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு விரும்பினால் ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இரவுத் தடையை உறுதி செய்தது. கூத்து தொடங்குவதே பத்து மணிக்கு மேல், முடிவது விடியலில். விழாவோ 18 நாள். சட்டத்தின் கடிகாரமும் பாரதத்தின் கடிகாரமும் எங்குமே பொருந்தவில்லை. இதில் சட்டத்தைப் பழிப்பது எளிது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையையும் தூங்காத நோயாளியையும் எண்ணினால் பழிக்க மனம் வராது. கூத்துக்கு வேண்டியது ஒரு கிலோமீட்டர் பாயும் குழாய்தானா என்று களமே கேட்டுக்கொள்ளலாம். உச்ச சுருதியும், காதைத் துளைக்கும் முகவீணையும், பின்பாட்டுக்காரர்கள் ஒரே குரலில் வாங்கிப் பாடுவதும் மைக் இல்லாத காலத்தில் ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த பொறியியல். மைக் வந்தபின் அது இருக்கும் இடமே பாடும் இடமாகி, களம் முழுக்கச் சுழன்ற கால்கள் ஓர் அடி வட்டத்துக்குள் கட்டுண்டன. கச்சேரி மேடையில் நடந்தது வேறு. மைக் வந்ததால்தான் எம்.டி. ராமநாதனின் ஆழ்ந்த கீழ்ச்சுருதிக் குரல் பெரிய சபைகளுக்கும் போய்ச் சேர முடிந்தது. ஒரே கருவி ஒரு கலைக்கு இடத்தைக் குறுக்கியது, இன்னொன்றுக்கு விரித்தது.

இனி, வைத்துக்கொள்ளும் வித்தை.

அதுவும் ஒரு குழாயில்தான் தொடங்கியது. 1902 நவம்பரில் கிராமஃபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது மைக் கிடையாது. பாடகர் ஒரு பெரிய புனலுக்குள் பாட, அதன் அடியில் இருந்த ஊசி மெழுகுத்தட்டில் கோடு கீறியது. பரப்பும் குழாயைத் திருப்பிப் போட்டால் சேகரிக்கும் குழாய். மூன்று நிமிடப் பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தன் பெயரை உரக்கச் சொன்னார். ஜெர்மனியின் ஹனோவரில் இசைத்தட்டு அச்சிடுகிறவர்களுக்கு யாருடைய தட்டு இது என்று தெரிய வேண்டுமே. மின்சார முறைப் பதிவு 1925ல்தான் வந்தது. இன்று பதிவின் தொடக்கத்தில் ஊர், நாள், பாடுகிறவர் பெயரைச் சொல்லிவைக்கும் வழக்கத்துக்கு ஸ்லேட் என்று பெயர். கௌஹர் ஜானின் அந்த ஒரு வாக்கியம் அதன் பாட்டி.

பேச்சும் அப்போதே பதிவாகத் தொடங்கியது. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பையொட்டிப் பல மாகாணங்களில் கிராமஃபோன் தட்டுகள் எடுக்கப்பட்டன; சென்னை மாகாணத் தட்டுகளின் உரைப்பகுதிகளை 1927ல் சென்னை அரசு அருங்காட்சியகம் நூலாகவே வெளியிட்டது. ஆர்னால்ட் பாக் என்ற டச்சு இசையாய்வாளர் 1938ல் தென்னிந்தியாவில் ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தார். 1984ல் நசீர் ஜைரஸ்பாயும் ஏமி கேட்லினும் அவர் போன வழியே போய், பழைய பதிவுகளை அந்தந்த ஊர்க்காரர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். தாத்தாவின் குரலைப் பேரன் கேட்பதற்கு 46 ஆண்டுகளும் இரண்டு ஆய்வாளர்களும் தேவைப்பட்டார்கள்.

தமிழ்நாட்டு ஊர்களுக்குப் பதிவு என்பது கேசட்டாகத்தான் கைக்கு வந்தது. பிலிப்ஸ் 1963ல் கொண்டுவந்த அந்தச் சின்னப் பெட்டி, 80களில் கடைத்தெருக்களில் ரெக்கார்டிங் சென்டர்களை உண்டாக்கியது. வெள்ளைத்தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, சி-60ல் பதிந்து வாங்குவார்கள். திருவிழாவில் பாட்டு ஓய்ந்தால் 'திருவிளையாடல்' வசனமும் 'விதி' வசனமும் ஓடும். கேசட் ஊருக்குள் நிறையக் குரல்களைக் கொண்டுவந்தது. ஊரின் குரல் எதையும் வெளியே கொண்டுபோகவில்லை. பத்து மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும் ஒரு கூத்தைப் பதிய எட்டு கேசட், பதினாறு பக்கம் வேண்டும். இசைத்தட்டுக் காலத்தில் 160 பக்கம் வேண்டியிருந்திருக்கும். யார் செலவழிப்பார்கள்?

அந்தத் தடை இன்று இல்லை. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிடியின் தரம் என்பது நொடிக்கு 44,100 முறை ஒலியின் அளவை எடுத்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுவது. இரண்டு காதுக்கும் சேர்த்து மணிக்கு ஏறத்தாழ 635 எம்பி. எட்டு மணி நேரக் கூத்து 5 ஜிபி. பதினெட்டு இரவும் ஆடினாலும் 92 ஜிபிக்குள். கட்டைவிரல் நகத்தளவு உள்ள 128 ஜிபி அட்டையில் ஒரு முழு பாரதமும் உட்கார்ந்து, மேலும் இடம் மிஞ்சும்.

நொடிக்கு 44,100 முறை என்ற இந்த சாம்பிள் ரேட் மிரட்டும் எண்ணாகத் தெரியலாம். கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் ஒரு மாத்திரை என்று வகுத்த மொழிக்கு, காலத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி அளப்பது புதிதில்லை. ஓசூருக்கு அது இன்னும் நெருக்கம். டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984ல் தொடங்கிய டைட்டன், ஓசூர்த் தொழிற்சாலையில் செய்யும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குள் ஒரு படிகத் துண்டு இருக்கிறது. குவார்ட்ஸ் கடிகாரங்களில் அது நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த அதிர்வை எண்ணித்தான் முள் நகர்கிறது. ஒலிப்பதிவுக் கருவிக்குள்ளும் அப்படியொரு படிகம் துடித்துக்கொண்டு, ஒவ்வொரு துடிப்புக் கணக்குக்கும் "இப்போது அள" என்கிறது. கேட்கக்கூடிய மிக உயர்ந்த ஒலி 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பிடிக்க அதைப்போல இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பதால் 40,000ஐத் தாண்டிய எண். பிட் என்பது அளவுகோலில் எத்தனை கோடுகள் என்பது. 16 பிட்டில் 65,536 கோடுகள். கிரீடத்துக்கு நிறைய இடம் விட்டு மெதுவாகப் பதிகிறவர் 24 பிட் வைத்துக்கொண்டால், கீழே உள்ள மெல்லிய ஒலியும் கோடு கிடைக்காமல் தவிக்காது.

ஃபோனும் இதே படிகம், இதே எண்களோடுதான் வேலை செய்கிறது. ஆனால் அது பேசுவதற்காகப் பிறந்த கருவி. மெதுவான இடத்தில் தானே கெயினை ஏற்றும், உறுமலில் தானே இறக்கும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே களம் அருகே வந்து வந்து விலகுவதுபோல இருப்பது அதனால்தான். பல ஃபோன்கள் மனிதப் பேச்சு அல்லாத தொடர் ஒலியை இரைச்சல் என்று கருதி அடக்கும். அந்தக் கணக்கில் முகவீணையும் இரைச்சலாகிவிடுகிறது. அதன்பின் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது மறுபடியும் சுருக்கம். எம்பி3 போன்ற சுருக்கங்கள், ஓர் ஒலி இன்னொன்றை மறைக்கும் இடம் பார்த்து மறைந்ததை எடுத்துப்போடுகின்றன. கேட்டு மகிழ அது போதும். பாதுகாக்க வேண்டியதைச் சுருக்காத வேவ் கோப்பாக வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் நகலைச் சுருக்குவதே நல்லது.

இவ்வளவும் கூத்துக்காக மட்டும் சொல்வதில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேரம் பேசும் நிலம் இது. "அண்ணா" என்று கூப்பிட்டால் மூன்று மொழிக்காரர்களும் திரும்புவார்கள். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையின் பேரப்பேச்சு, எருது விடும் விழாவில் ஓட்ட நேரத்தை அறிவிக்கும் குரல், மாங்காய் ஏலம், நடவுப்பாட்டு எல்லாம் காற்றோடு போய்க்கொண்டிருக்கின்றன. அதே போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை 2021 முதல் வளர்ந்து நிற்கிறது. எஞ்சின் சத்தம் இல்லாத அந்த எஸ்1 புரோ வண்டிக்குள் ஒரு ஸ்பீக்கரை வைத்து, ஓட்டுகிறவர் விரும்பும் வண்டிச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வசதியையும் செய்தார்கள். இல்லாத சத்தத்தை உண்டாக்கத் தெரிந்த இந்த வட்டாரத்தில், இருக்கிற சத்தத்தை எடுத்துவைக்க ஐந்தாறு இளைஞர்கள் முன்வந்தால் போதும். ஸ்டுடியோ வேண்டாம். கையடக்கப் பதிவுக்கருவி ஒன்று, காற்றடிக்கும் இரைச்சலைத் தடுக்க அதற்கு ஒரு பஞ்சுத் தொப்பி, ஒரு முக்காலி, காதை மூடும் ஹெட்ஃபோன்.

கருவியைக் குழாய்க்கோ பாக்ஸுக்கோ எதிரில் வைக்கக் கூடாது. அங்கே கிடைப்பது குழாயின் குரல். பின்பாட்டு பெஞ்சுக்கும் ஆடுகளத்துக்கும் சமதூரத்தில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, தலை உயரத்துக்கு மேல் வைத்தால் முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், கால்சலங்கை, பாட்டு எல்லாம் தத்தம் இடத்தில் கேட்கும். ஆட்டம் தொடங்குமுன் வாத்தியாரிடம் போய், "ஐயா, இன்னைக்கு ரொம்பச் சத்தமா வர்ற வேஷம் எது?" என்று கேட்டு அனுமதியும் வாங்கிக்கொண்டால், கெயின் எங்கே நிற்க வேண்டும் என்பது அவர் பதிலிலேயே இருக்கும். பிறகு கருவியை ஓடவிட்டு, மெதுவான குரலில் ஊர், நாள், கூத்தின் பெயர், குழுவின் பெயர்.

விடியலில் படுகளம் முடிந்ததும் கூட்டம் மண் துரியோதனனைச் சுற்றி நெருங்கும். மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபயரை அணைத்ததும் இரவு முழுக்க ஓடிய ஹம் அறுந்துபோகும். ஒலிப்பதிவுக்காரர்கள் அந்த நேரத்தில் கருவியை நிறுத்துவதில்லை. எல்லாம் ஓய்ந்த பின் இடத்தின் சொந்த ஓசையை ஒரு நிமிடம் தனியாகப் பதிவார்கள். ரூம் டோன் என்று அதற்குப் பெயர். பிறகு வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளில் நிரப்ப அது வேண்டும். ஆகவே கருவியில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சலங்கை கழற்றும் ஓசை. புளியமரத்திலிருந்து குழாயை இறக்குகிறவன் வயரைச் சுருட்டும் சரசரப்பு. முகவீணைக்காரர் சீவாளியை ஊதித் துடைக்கிறார். ரோட்டில் முதல் பேருந்து கியர் மாற்றிக் கிருஷ்ணகிரிப் பக்கம் போகிறது, யாரோ டீக்கடையில் இரண்டு மொழியில் சிரிக்கிறார்கள்.